கணினித் திண்ணை: பூட்டே போடாமல் கணக்கு எழுத முடியுமா?

சுவரில் மாட்டிய காலண்டரில் பால் கணக்கு எழுதும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கணவர் பார்க்கும்போது காலண்டரில் 5 என்று இருக்கிறது. மனைவியும் அதே 5-ஐத்தான் பார்க்கிறார். கணவர் தான் வாங்கிய பாக்கெட்டைக் கூட்டி 6 என்று எழுதுகிறார். மனைவியும் தான் வாங்கியதைக் கூட்டி, அதன் மேலேயே 6 என்று எழுதுகிறார். வாங்கியது இரண்டு பாக்கெட், கணக்கில் ஏறியது ஒன்று. இருவர் கூட்டலிலும் தப்பில்லை. ஆனாலும் கணக்கு தப்பு!

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது அன்றாடத் தலைவலி. கையில் இருக்கும் ஸ்மார்ட்போனில் எட்டு கோர்கள் இருப்பது இன்று சாதாரணம். எட்டுப் பேர் ஒரே அடுக்களையில் சமைப்பது மாதிரி. ஒரு புரோகிராமின் வேலையைப் பல கூறுகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட விடுவார்கள். அந்தக் கூறு ஒவ்வொன்றுக்கும் த்ரெட் என்று பெயர். இரண்டு த்ரெட்கள் ஒரே எண்ணை மாற்றப் போனால், பால் கணக்குதான்.

ஒரு எண்ணைக் கூட்டுவதில் மூன்று படிகள் உண்டு: பார்ப்பது, கூட்டுவது, எழுதுவது. இரண்டு பேர் இந்த மூன்று படிகளையும் முன்பின்னாகக் கலந்து செய்தால் மொத்தம் 20 வரிசைகள் வரும். அவற்றில் சரியான விடை தருபவை இரண்டே இரண்டு. ஒருவர் முழுதாக முடித்த பிறகு மற்றவர் தொடங்கினால் மட்டுமே கணக்கு சரி. மற்ற 18 வரிசைகளிலும் ஒரு பாக்கெட் காணாமல் போகும்.

முதல் வைத்தியம்: தாழ்ப்பாள்

இதற்கான மருந்தைப் பற்றி டச்சு கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965-லேயே எழுதிவிட்டார். ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் நுழையக் கூடாது. அவ்வளவுதான். வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் செய்யும் அதே வேலை. புரோகிராம் உலகில் இதை லாக் என்றும் மியூட்டெக்ஸ் என்றும் சொல்கிறார்கள். தமிழில் பூட்டு என்றே வைத்துக்கொள்ளலாம்.

பூட்டு நல்ல மருந்து. பெரும்பாலான இடங்களில் அதுவே போதும். ஆனால் உள்ளே போனவர் அங்கேயே தூங்கிவிட்டால்? வெளியே வரிசையில் நிற்பவருக்கு எத்தனை அவசர வேலை இருந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

இது செவ்வாய் கிரகத்திலேயே நடந்திருக்கிறது. 1997 ஜூலை 4 அன்று நாசாவின் 'பாத்ஃபைண்டர்' செவ்வாயில் இறங்கியது. சில நாள்களில் அதன் கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி மறுபடி ரீசெட் ஆகத் தொடங்கியது. பூமியில் இருந்த மாதிரிக் கருவியில் அதே கோளாறை வரவழைத்துப் பார்த்த பிறகுதான் காரணம் தெரிந்தது.

வானிலைத் தகவல் சேகரிக்கும் வேலைக்கு அங்கே முன்னுரிமை குறைவு. அது ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தது. தகவல் பரிமாற்றத்தைக் கவனிக்கும் மிக முக்கியமான வேலை, அந்தப் பூட்டுக்காக வெளியே காத்திருந்தது. இடையில் நடுத்தர முன்னுரிமை கொண்ட இன்னொரு வேலை வந்து ப்ராசஸரைப் பிடித்துக்கொண்டது. அதனால் உள்ளே இருந்தவர் வேலையை முடித்து வெளியே வர முடியவில்லை, வெளியே நின்றவர் உள்ளே போகவும் முடியவில்லை. 'முக்கியமான வேலை நடக்கவில்லையே' என்று பார்த்த காவல் நிரல், மொத்தக் கம்ப்யூட்டரையும் ரீசெட் செய்துவிட்டது.

வைத்தியம் எளிதாக முடிந்தது. முக்கியமானவர் காத்திருந்தால், உள்ளே இருப்பவருக்கும் தற்காலிகமாக அதே முன்னுரிமையைக் கொடுக்கும் வசதி அந்த மென்பொருளில் முன்பே இருந்தது. அணைந்திருந்த அதை பூமியிலிருந்தே இயக்கிவிட்டார்கள்.

பூட்டே இல்லாமல் செய்ய முடியுமா என்ற கேள்வி எழுவது இந்த மாதிரி இடங்களில்தான்.

'இன்னும் 5 தானே?'

முடியும். அதற்குத் தேவையானது ப்ராசஸரிலேயே இருக்கும் ஒரு சின்ன கட்டளை. அதன் பெயர் கம்பேர் அண்ட் ஸ்வாப். 1970-களில் ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/370 கணினிகளிலேயே இது இருந்தது.

பால் கணக்குக்கே போவோம் என்றால் அது இப்படி வேலை செய்யும்: "நான் பார்த்தபோது 5. இன்னும் 5 தான் இருக்கிறதா? இருந்தால் 6 ஆக்கு. இல்லையென்றால் எதையும் தொடாதே, இப்போது என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்." பார்ப்பதும் எழுதுவதும் ஒரே மூச்சில் நடக்கும், நடுவில் யாரும் புக முடியாது. கணவர் 6 ஆக்கிவிட்டிருந்தால் மனைவியின் முயற்சி தோற்கும். அவர் புதிய 6-ஐப் பார்த்து, 7 ஆக்க மறுபடி முயல்வார். கணக்கு சரி!

இப்படிப் பிரிக்க முடியாத செயல்களுக்கு அட்டாமிக் என்று பெயர். இவற்றை வைத்து, யார் எங்கே நின்றுபோனாலும் மற்றவர்களில் ஒருவராவது முன்னேறிக்கொண்டே இருக்கும்படி எழுதுவதுதான் லாக்-ஃப்ரீ முறை. பூட்டு என்ற சொல் நிரலில் இல்லாததால் மட்டும் அது லாக்-ஃப்ரீ ஆகிவிடாது. ஒருவர் தூங்கினால் எல்லோரும் நிற்க வேண்டி வருமா என்பதே சோதனை.

1986-ல் ஐபிஎம்மைச் சேர்ந்த ட்ரைபர் என்பவர் இந்த முறையில் ஓர் அடுக்கை விவரித்தார். சாப்பாட்டுத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே இருப்பதையே முதலில் எடுப்போம் அல்லவா, அந்த மாதிரி. லாக்-ஃப்ரீ கற்க வரும் எவருக்கும் இன்றும் இதுதான் அரிச்சுவடி. எழுதிப் பார்த்தால் இருபது, முப்பது வரிகள்தான். பார்க்க அழகாகவும் இருக்கும். மாணவர் விழும் பள்ளங்களும் அந்த முப்பது வரிகளுக்குள்ளேயே இருக்கின்றன.

முதல் பள்ளம்: உப்புக்கு முன்னால் மணி

ஒரு மெஸ்ஸில் சமையல்காரர் சாம்பாருக்கு உப்பு போட்டுவிட்டு மணி அடிக்க வேண்டும். மணி கேட்டதும் பரிமாறுபவர் எடுத்துப் போவார். சமையல்காரரோ, 'இரண்டும் நான் செய்ய வேண்டிய வேலைதானே, எதை முதலில் செய்தால் என்ன' என்று மணியை முதலில் அடித்துவிட்டால்? பந்திக்குப் போவது உப்பில்லாத சாம்பார்.

ப்ராசஸர்கள் உண்மையிலேயே இப்படிச் செய்கின்றன. நிரலை மொழிமாற்றும் கம்ப்பைலரும் செய்கிறது. வேகத்துக்காக, தங்கள் கோணத்தில் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தால் வரிசையை மாற்றிக்கொள்ளும். பக்கத்து கோர் பார்த்துக்கொண்டிருப்பது அவற்றின் கவலை அல்ல.

இதைத் தடுக்க நிரல் எழுதுபவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 'எல்லா வேலையும் முடிந்த பிறகே மணி அடி' என்பதற்கு ரிலீஸ். 'மணி கேட்ட பிறகே பாத்திரத்தைத் திற' என்பதற்கு அக்வயர். 'வெறும் எண்ணிக்கைதான், மற்ற வரிசை எப்படியும் போகட்டும்' என்பதற்கு ரிலாக்ஸ்ட்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. மேசைக் கணினிகளில் இருக்கும் இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்கள் இந்த வரிசை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பானவை. போன்களில் இருக்கும் ஆர்ம் வகை ப்ராசஸர்கள் தாராள மனசு கொண்டவை. அதனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் லட்சம் முறை சரியாக ஓடிய நிரல், போனில் திடீரென்று காலை வாரலாம்.

இரண்டாம் பள்ளம்: அதே எண், வேறு பஸ்

பேருந்து நிலையத்தில் 12-ம் எண் பஸ் நிற்கிறது. ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டு ஒருவர் டீ குடிக்கப் போகிறார். திரும்பி வரும்போது அதே இடத்தில் 12-ம் எண் பஸ் நிற்கிறது. நிம்மதியாக ஏறுகிறார். பையைக் காணோம்! அவருடைய பஸ் போய், இன்னொரு 12 வந்து நிற்கிறது.

கம்பேர் அண்ட் ஸ்வாப்புக்கும் இதே கதி. "மேலே இருப்பது இன்னும் அதே தட்டுதானா?" என்று அது கேட்கும்போது, நினைவகத்தின் முகவரியை மட்டுமே ஒப்பிடுகிறது. இடையில் அந்தத் தட்டும் அதன் கீழே இருந்ததும் எடுக்கப்பட்டு, அதே முகவரியில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தால் அதற்குத் தெரியாது. 'ஆமாம், அதேதான்' என்று சொல்லி, எப்போதோ எடுத்துப் போன தட்டை உச்சியில் வைத்துவிடும். புரோகிராமர்கள் இதை ஏபிஏ சிக்கல் என்பார்கள். பஸ் எண்ணோடு புறப்படும் நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பது போல, முகவரியோடு ஒரு வரிசை எண்ணையும் சேர்த்து ஒப்பிடுவது ஒரு தீர்வு.

மூன்றாம் பள்ளம்: சாப்பிடும்போதே இலை எடுப்பது

ஒரு த்ரெட் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து, 'வேலை முடிந்தது' என்று அந்த நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அதே நொடியில் இன்னொரு த்ரெட் அதைப் படித்துக்கொண்டிருந்தால்? கல்யாணப் பந்தியில் ஒருவர் இலையில் பாயசத்தை வழித்துக்கொண்டிருக்கும்போதே இலையை உருவுவது போலத்தான்.

ஜாவா போன்ற மொழிகளில் இலை எடுக்கத் தனி ஆள் உண்டு. யாரும் அந்த இலையில் சாப்பிடவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் எடுப்பார். சி, சி ப்ளஸ் ப்ளஸ், ரஸ்ட் போன்ற அடிமட்ட மென்பொருளுக்கான மொழிகளில் அந்த ஆள் இல்லை. எப்போது எடுப்பது என்று எழுதுபவரே முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு இரண்டு புகழ்பெற்ற வழிகள் உண்டு. சாப்பிடுபவர் ஒவ்வொருவரும் 'இந்த இலையை எடுக்காதே' என்று அடையாளம் வைப்பது ஒன்று. மகெத் மைக்கேல் என்ற ஆய்வாளர் வகுத்த ஹசார்ட் பாயின்டர் முறை இது. அந்தப் பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரும் எழுந்த பிறகு மொத்தமாக இலை எடுப்பது இன்னொன்று. லினக்ஸ் இயங்குதளம் 2002 முதல் இந்த இரண்டாவது யோசனையின் ஒரு வடிவத்தைப் பயன்படுத்துகிறது. ஆண்ட்ராய்டுக்கு அடித்தளம் லினக்ஸ்தான். அதாவது, ஆண்ட்ராய்டு போனில் இதை வாசிப்பவர் கையிலேயே அந்தப் பந்தி நடந்துகொண்டிருக்கிறது!

ரஸ்ட் எதைத் தடுக்கும்?

2006-ல் கனடாவின் வான்கூவர் நகரில் கிரேடன் ஹோர் என்ற புரோகிராமர் வேலை முடிந்து வீடு திரும்பினார். அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட், மென்பொருள் கோளாறால் வேலை செய்யவில்லை. 21-வது மாடிக்குப் படி ஏறியவருக்கு, 'லிஃப்ட்டுக்குக்கூடக் கோளாறு இல்லாமல் நிரல் எழுத முடியாதா?' என்று எரிச்சல். அப்படித் தொடங்கிய ரஸ்ட் மொழி, மொசில்லா நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்து, 2015 மே மாதம் முதல் நிலையான பதிப்பைக் கண்டது.

ரஸ்டின் அடிப்படை விதி ஒன்று: ஒரு தகவலை ஒரே நேரத்தில் பலர் பார்க்கலாம், அல்லது ஒருவர் மட்டும் மாற்றலாம். பலர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் மாற்றக் கூடாது. பால் கணக்குப் பிழையை ரஸ்டில் நேரடியாக எழுதிப் பாருங்கள். நிரலை ஓட்டும் முன்பே கம்ப்பைலர் திட்டி அனுப்பிவிடும். சி மொழியில் அதே நிரல் சத்தமில்லாமல் ஓடும், தப்பான கணக்கைக் கொடுக்கும்.

ஆனால் ட்ரைபரின் அடுக்கை அடியிலிருந்து எழுத வேண்டுமானால், நினைவக முகவரிகளை நேரடியாகக் கையாள வேண்டும். அதற்கு ரஸ்டில் 'அன்சேஃப்' என்று குறித்த பகுதிக்குள் போக வேண்டும். 'இதற்கு நானே பொறுப்பு' என்று கையெழுத்துப் போடுவது மாதிரி. அதற்குள் இலையை எப்போது எடுப்பது, அதே எண் வேறு பஸ்ஸா என்பதெல்லாம் கம்ப்பைலர் பார்க்காது. உப்புக்கு முன்னால் மணி அடிக்கும் பிழையையும் எல்லா நேரமும் அதனால் பிடிக்க முடியாது.

கைதேர்ந்தவர்களும் இங்கே தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 1996-ல் மைக்கேலும் ஸ்காட்டும் புகழ்பெற்ற லாக்-ஃப்ரீ வரிசை ஒன்றை வெளியிட்டபோது, அதற்கு முன் மற்ற ஆய்வாளர்கள் வெளியிட்டிருந்த சில வழிமுறைகளில் இருந்த பிழைகளையும் எடுத்துக்காட்டினார்கள். ரஸ்டிலும், த்ரெட்களுக்கு இடையே தகவல் அனுப்ப முதல் பதிப்புக்கு முன்பிருந்தே ஒரு வசதி இருந்தது. 2023 ஜனவரியில் வந்த 1.67 பதிப்பில் அதன் உள்பகுதியை மொத்தமாக மாற்றி, க்ராஸ்பீம் என்ற நூலகத்தின் நிரலை வைத்தார்கள். மாற்றத்துக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, பழையதில் இருந்த பிழைகள்.

'ஓடுகிறதே' என்பது சாட்சி ஆகாது

இந்தப் பாடத்தில் மாணவர் விட வேண்டிய பழக்கம் ஒன்றுதான்: "ஓட்டிப் பார்த்தேன், சரியாக ஓடியது" என்று திருப்திப்படுவது.

1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற புற்றுநோய்க் கதிர்வீச்சு இயந்திரம் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. சிலர் உயிரிழந்தனர். ஒரு காரணம், ஒரே தகவலைப் பல வேலைகள் ஒழுங்கில்லாமல் பகிர்ந்துகொண்டது. இயந்திரத்தை இயக்குபவர் திரையில் தப்பாக அடித்ததை எட்டு நொடிக்குள் திருத்தினால், திரை புதிய விவரத்தைக் காட்டும், இயந்திரமோ பழையதன்படி தயாராகும். மெதுவாகத் தட்டச்சு செய்தவர்களுக்கு அந்தப் பிழை வரவில்லை. பழகிப் பழகி விரல் வேகம் கூடிய பிறகுதான் வெளிவந்தது. அதற்கு முந்தைய மாடலில் இருந்த இயந்திரப் பாதுகாப்புப் பூட்டுகள் இதில் நீக்கப்பட்டிருந்தன.

எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் எல்லா வரிசைகளும் வந்துவிடாது. இரண்டு த்ரெட்கள், ஆளுக்குப் பத்தே படிகள் என்றாலும் 1,84,756 வரிசைகள். அதில் ஒன்றே ஒன்று தப்பாக இருந்தாலும், கோடிக்கணக்கான போன்களில் என்றோ ஒரு நாள் அது வந்தே தீரும்.

அதனால்தான் கருவிகள் வேண்டும். ரஸ்டில் லூம் என்ற கருவி, சிறிய சோதனை நிரலை எடுத்து, நடக்கக்கூடிய வரிசைகளை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும். மிரி என்பது அன்சேஃப் பகுதியின் தில்லுமுல்லுகளை ஓட்டத்தின்போதே பிடிக்கும். 'இலையை எடுத்த பிறகு சாப்பிட்டாய்' என்று வரி எண்ணோடு சொல்லிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது?

கல்லூரியில் படிக்கும் பிள்ளையோ, வேலை பார்த்துக்கொண்டே கற்பவரோ, ஏறு வரிசை இதுதான்.

1. முதலில் சாதாரணப் பூட்டு போட்டே எழுதுங்கள். வேகத்தை அளந்து குறித்து வையுங்கள்.

2. அடுத்து, அட்டாமிக் எண்ணி ஒன்று. பால் கணக்குதான், நான்கு த்ரெட்களோடு.

3. சொந்தமாக ஒரு பூட்டு செய்து பாருங்கள். பூட்டும் உள்ளே அட்டாமிக் கொண்டு செய்ததுதான் என்பது இங்கே விளங்கும். ரிலீஸ், அக்வயர் இரண்டும் எதற்கு என்பதும் மனதில் பதியும்.

4. ஒருவர் மட்டும் போட, ஒருவர் மட்டும் எடுக்கும் வட்ட வரிசை ஒன்றை எழுதுங்கள். பாட்டு ஒலிக்கும் செயலிகளில் மிகவும் பயன்படுவது இது. அங்கே ஒரு நொடியின் சிறு பங்கு காத்திருந்தாலும் காதில் 'டப்' என்று கேட்டுவிடும்.

5. அதற்குப் பிறகே ட்ரைபரின் அடுக்கு. இலை எடுக்கும் வேலைக்கு க்ராஸ்பீம் போன்ற தயார் நூலகத்தைப் பயன்படுத்துங்கள். லூம், மிரி இரண்டிலும் தேறிய பிறகே 'முடிந்தது' என்று சொல்லுங்கள்.

துணைக்கு ஒரு புத்தகம் வேண்டுமானால், மாரா போஸ் எழுதி 2023-ல் வெளிவந்த 'ரஸ்ட் அட்டாமிக்ஸ் அண்ட் லாக்ஸ்' இருக்கிறது. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

கடைசியில் முதல் படியில் குறித்து வைத்த வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பலருக்கும் அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். போட்டி இல்லாத இடத்தில் பூட்டின் செலவு மிகக் குறைவு. போட்டி கடுமையான இடத்தில், லாக்-ஃப்ரீயிலும் எல்லோரும் தோற்றுத் தோற்று மறுபடி முயன்றுகொண்டிருப்பார்கள். ஒரே எண்ணை எட்டு கோர்களும் இழுத்தால், யார் எழுதினாலும் தாமதம்தான். 'யாரும் யாருக்காகவும் நிற்கக் கூடாது' என்ற கட்டாயம் உள்ள இடங்களில்தான் லாக்-ஃப்ரீக்கு மதிப்பு.

ஆறு மாதம் இதில் மூழ்கி எழுந்த ஒருவர், தன் அடுத்த நிரலில் சாதாரணப் பூட்டையே போட்டால் அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம். எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும், எந்த வாசல் திறந்தே இருக்கலாம் என்று இப்போது அவருக்குத் தெரியும். அந்த முடிவுக்குக் காரணம் கேட்டால், எந்த வரிசையில் எது நடந்தால் என்ன ஆகும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டவும் அவரால் முடியும்.